ஸ்கேன் பண்ணாத செவ்வாய்க்கிழமைகள்

எங்கள் பஸ்ஸில் மாத அட்டையை நிறுத்தப்போகிறார்கள் என்று கண்டக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஒன்பது வருடங்களாக அந்த மஞ்சள் அட்டையில்தான் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். திருமலைராயன்பட்டினத்தில் ஏறி, காரைக்காலில் இறங்குவேன். அங்கே ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் எனக்கு வேலை. பாடம் நடத்துகிறவள் இல்லை. ஆனாலும் கண்டக்டருக்கு நான் டீச்சர்தான்.

"டீச்சர், ஒண்ணாந்தேதியிலேர்ந்து அட்டை கெடையாதுங்க. மொதலாளி சொல்லிட்டாரு. இனிமே ஸ்கேன் பண்ணுங்க, இல்லாட்டி சரியா சில்லறை குடுத்துடுங்க. ரெண்டுல ஒண்ணு."

சொன்னபடியே டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதையே சின்னதாக ஒன்று அச்சடித்து, கண்டக்டர் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நெரிசலில் அவர் நெஞ்சுக்கு நேராகப் போனை நீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். பஸ் குலுங்கும்போது கட்டத்துக்குள் படம் நிற்காது. நின்றுவிட்டால் நெட் வராது. திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். "போயிடுச்சாங்க?" என்று கண்டக்டர் கேட்பார். போனதா இல்லையா என்பது எனக்கே தெரியாது. நெரவி தாண்டி, அரசலாற்றுப் பாலம் ஏறும்போதுதான் பச்சை டிக் விழும். அதுவரைக்கும் டிக்கெட் எடுக்காமல் ஏறியவள் மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். அட்டை இருந்த காலத்தில் கண்டக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போவார்.

என் கணவர் அப்போது விடுமுறையில் வந்திருந்தார். குவைத்தில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் அவருக்கு வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். நான் பஸ்ஸில் படும் பாட்டைச் சொன்னதும் என் போனை வாங்கி அரை மணி நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தா புள்ள. இனிமே நீ ஸ்கேன் பண்ணுனா என் கணக்குலேர்ந்து காசு போவும். ஒன் சம்பளத்த நீ வச்சுக்க. பஸ்ஸுக்கு நான் குடுக்குறேன்."

"எதுக்கு மச்சான்? என் கணக்கயே போட்டுக்குடுங்களேன்."

"இருக்கட்டும். அங்க உக்காந்துக்கிட்டு ஒனக்கு நான் வேற என்னத்த செய்யிறேன்?"

அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. அந்த ஏற்பாட்டில் இன்னொன்றும் இருந்தது. நான் எங்கே ஸ்கேன் செய்தாலும், அந்த நொடியே அவர் போனில் டிங் என்று ஒரு செய்தி விழும். எவ்வளவு, யாருக்கு, எந்நேரம் என்று எல்லாம் அதில் இருக்கும். சோதித்துப் பார்க்க, தெருமுனைக் கடையில் என்னை ஒரு சோப்பு வாங்கச் சொல்லிவிட்டு அவர் வீட்டு வாசலில் நின்றார். நான் திரும்பி வருவதற்குள் கடை பெயரைச் சொல்லிச் சிரித்தார்.

அவர் குவைத்துக்குத் திரும்பிய பிறகு அந்தச் சத்தம் எங்களுக்குள் ஒரு பேச்சு போலவே ஆகிவிட்டது. காலை எட்டு இருபதுக்கு நான் ஸ்கேன் செய்வேன். அங்கே அப்போது விடிந்தும் விடியாத நேரம். சுபுஹு தொழுதுவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார். உடனே ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவார். சாயங்காலம் திரும்பும்போது இன்னொன்று. முன்பெல்லாம் இரவில்தான் பேசுவோம், அதுவும் மகளின் படிப்பைப் பற்றி, வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றி. இப்போது பகலிலேயே இரண்டு தடவை அவர் என்னைத் தொட்டுவிட்டுப் போவது மாதிரி இருந்தது. பஸ்ஸில் நெட் வராத நாளில்கூட எனக்கு முன்போலப் பதற்றம் இல்லை. அது ஐந்து மாதம் நீடித்தது.

பிறகு ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் கையில் ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலியில்லை. வலியில்லை என்பதுதான் என்னை உட்காரவைத்தது. என் உம்மாவுக்கும் வலியில்லாமல்தான் தொடங்கியது. உம்மா அதை எங்களிடம் சொன்னபோது சொல்லவேண்டிய காலம் கடந்திருந்தது. அன்று ஈரத் தலையோடு வெகுநேரம் குளியலறையிலேயே இருந்தேன். மகள் கதவைத் தட்டி, "உம்மா, எனக்கு நேரமாவுது" என்றாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

யாரிடமும் சொல்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். மகளிடம் சொல்வது பரீட்சை முடியட்டும். அவரிடம் சொல்வது கம்பெனி ஒப்பந்தம் முடியட்டும். அவருடைய வாப்பா மவுத்தாகி, அடக்கத்துக்குப் போக முந்தின கம்பெனியில் விடுமுறை தரமாட்டேன் என்றார்கள் என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டு விமானம் ஏறியவர் அவர். அந்த வேலை போய், இந்த வேலை கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. என் குரலில் ஒரு மாற்றம் தெரிந்தால்கூட டிக்கெட் போட்டுவிடுவார். ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு, பிறகு சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று நினைத்தேன். ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைக்கவேயில்லை.

காரைக்காலில் எந்த மருத்துவமனை வாசலில் நின்றாலும் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் நாகப்பட்டினத்தில் ஒரு பெண் டாக்டரைப் பற்றி விசாரித்து வைத்தேன். இந்த மாதிரி சோதனைகளுக்கு அவர் செவ்வாய்க்கிழமைதான் பார்ப்பார் என்றார்கள். முதல் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, மகள் போன பிறகு கிளம்பினேன். சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். ஒன்பது வருடமாக வடக்கே போகும் பஸ்ஸுக்கு நின்றவள், தெற்கே போகும் பஸ்ஸுக்கு நின்றபோது கால்கள் கூசின. எதிரே நான் வழக்கமாக ஏறும் இடத்தில் போலகத்திலிருந்து வரும் இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

போனில் கைவைக்கவில்லை. முந்தின நாளே கடையில் சில்லறை மாற்றி, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தேன். ஸ்கேன் செய்தால் நாகப்பட்டினம் பஸ்ஸின் பெயர் குவைத்தில் போய் நிற்கும். காசு கொடுத்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. செய்தியே போகாதபோது அவர் எதைக் கவனிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

டாக்டர் என்னைவிடச் சின்னவர். தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல், "ஸ்கேன் பண்ணிடலாம்மா" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கை தானாகப் பைக்குள் இருந்த போனைத் தேடியது. அவர் சொன்னது வேறு ஸ்கேன் என்று உறைக்க ஒரு கணம் ஆயிற்று. எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்றார்.

அன்று இரவு குவைத்திலிருந்து என் கணவர் பேசும்போது சாதாரணமாகக் கேட்டார்.

"இன்னைக்கு ஸ்கேன் பண்ணலியா நீ?"

"பஸ்ஸுல நெட்டு கெடைக்கல மச்சான். காசு குடுத்துட்டேன்."

"வரும்போதுமா?"

"வரும்போதும்தான்."

"ம்" என்றார். அந்த 'ம்' எனக்குள் இரண்டு நாள் கிடந்தது.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஊசி போட்டார்கள். நினைத்ததைவிட வலித்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை. மாத்திரை வாங்கியதில் சில்லறை எல்லாம் தீர்ந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. பஸ் நிலையத்தில் அரசு பஸ் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. ஏறி, மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளின் பக்கத்தில் இடம் பிடித்தேன். கண்டக்டர் கையில் டிக்கெட் மெஷினோடு வந்தார். கைக்குட்டையை அவிழ்த்தேன். ஒற்றை ஐநூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது.

"காலையிலேர்ந்து எல்லாரும் ஐநூறாவே நீட்டுறீங்க. நான் எங்கம்மா போவேன் சில்லறைக்கு? போன்ல போடுங்க" என்று மெஷினை என் பக்கம் திருப்பினார். அதன் சின்னத் திரையில் அந்தக் கறுப்புக் கட்டங்கள் வந்து நின்றன.

"போன் இல்லைங்க" என்றேன்.

"மடியில என்னம்மா இருக்கு?"

போன் என் மடியில்தான் இருந்தது. "சார்ஜ் இல்லைங்க" என்று சொல்லி வாயை மூடவில்லை, அது அடித்தது. திரையில் என் கணவரின் முகம். முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்நேரத்தில் அவர் ஒருபோதும் அழைக்கமாட்டார். அங்கே வேலை நேரம்.

எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்துவிட்டேன்.

"எங்க இருக்க?" என்றார்.

"ஆபீஸ்லதான் மச்சான்."

அப்போது வாசலில் நின்ற டைம் கீப்பர் பஸ்ஸைத் தட்டி, "நாகூர், வாஞ்சூர், காரைக்கால் எல்லாம் ஏறு, ஏறு, வண்டி எடுக்குது!" என்று கத்தினார். டிரைவர் ஹாரனை அழுத்தினார்.

போனில் எந்தச் சத்தமும் இல்லை. துண்டித்துவிட்டாரோ என்று பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"சரி. வேலையப் பாரு" என்றார். அதோடு வைத்துவிட்டார்.

பக்கத்திலிருந்த அம்மாள் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து காசை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினார். "அந்தப் புள்ளைக்கும் சேத்துக் கிழி. மூஞ்சியப் பாரு, செத்துப் போயி கெடக்கு." நான் அந்த ஐநூறை அவர் கையில் வைக்கப் பார்த்தேன். "உள்ள வையி தாயீ. ஆசுபத்திரிக்கா?" என்றார். மருந்துப் பை என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. தலையாட்டினேன். யாருக்கும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்லிவிட்டேன் என்பதே அவர் நாகூரில் இறங்கிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் காலை எட்டு இருபதுக்கு ஸ்கேன் செய்தேன். பச்சை டிக் விழுந்தது. கட்டைவிரல் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. இரவில் பேசினார்; மகளிடம் அதிகம் பேசினார். என்னிடம், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். பஸ் நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஒரு வாரம் எனக்கு இரண்டு பயம். மார்பில் இருந்ததை நினைத்து ஒன்று, அவர் மனதில் இருப்பதை நினைத்து ஒன்று. எது பெரியது என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கணவன் வெளிநாட்டில் இருக்கும் பெண் எந்த பஸ்ஸில் ஏறினாள், யாரோடு பேசினாள் என்று பார்க்க எங்கள் தெருவில் கண்களுக்குக் குறைவில்லை. அந்தக் கண்களுக்காக நான் எப்போதும் அஞ்சியதில்லை, அவர் என் பக்கம் இருந்ததால். இப்போது அவரே என்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ என்று அஞ்சினேன். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். போனை எடுப்பேன். மகள் அடுத்த அறையில் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருப்பாள். முடிவு வரட்டும் என்று வைத்துவிடுவேன்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. டாக்டர் தாளைப் படித்துவிட்டு, "நீங்க பயந்தது இல்லம்மா" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. "கேன்சர் இல்ல. சாதாரண கட்டிதான். ஆனா உங்க அம்மாவுக்கு இருந்திருக்குன்னு சொல்றீங்க. எடுத்துடறது நல்லது. அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டணும்."

"ஆபரேஷனா?"

"சின்னதுதான். காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். கையெழுத்துப் போட வீட்டுலேர்ந்து யாராச்சும் ஒருத்தர் வரணும்."

வீட்டிலிருந்து யாராவது ஒருவர். வெளியே வந்து மர பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மகிழ்ச்சி என்றுகூட அதைச் சொல்லமுடியாது. அடுத்து எதைக் கண்டு பயப்படவேண்டும் என்பது மாறியிருந்தது, அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஏறினேன். இந்த முறை தனியார் பஸ். கைக்குட்டையில் சில்லறை நிறையவே இருந்தது. கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் போனை எடுத்து அவர் கழுத்தில் தொங்கியதற்கு நேராகப் பிடித்தேன். வேண்டுமென்றுதான் செய்தேன். வாயால் சொல்லத் தொடங்க எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. கண்டக்டர் "வந்துடுச்சு" என்று சொல்லி நகர்ந்தார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது.

"நாகப்பட்டினத்துல என்ன புள்ள வேலை?" என்றார்.

"ஆசுபத்திரிக்கு வந்தேன் மச்சான். மூணு வாரமா வர்றேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் ஆள் இருந்ததால் சன்னலோடு முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னேன். இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதை முதலில் சொல்லியிருக்கவேண்டும். நான் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனதில் அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"இப்ப என்ன சொல்றாங்க? அத மொதல்ல சொல்லு."

"ஒண்ணுமில்லையாம். சாதாரண கட்டிதானாம். எடுத்துடணுமாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பஸ் கீழவாஞ்சூர் பக்கம் நிலக்கரி லாரிகளின் வரிசைக்குப் பின்னால் நின்றுவிட்டது. சன்னல் கம்பியெல்லாம் கரித்தூசி.

"எனக்குத் தெரியும், என்னமோ இருக்குன்னு" என்றார். "மூணு செவ்வாக்கெழம காலையில சத்தம் வரல. மொத வாரம் நெட்டு இல்லன்னு சொன்ன. ரெண்டாவது வாரமும் வரல. அதான் வேலைய வுட்டுட்டு போன் பண்ணுனேன். நீ ஆபீஸ்னு சொல்ற, பின்னாடி நாகூர் வாஞ்சூர்னு கத்துறான்."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேக்க பயமா இருந்துச்சு."

லாரி ஒன்று நகர்ந்தது.

"தப்பா நெனச்சிட்டேன் புள்ள. ஒரு நாள் பூரா. ரூம்ல ஒருத்தன்கிட்டயும் பேசல. அப்புறம் எனக்கே வெக்கமாப் போச்சு. ஆனா மனசு அங்கயே போவுது. என்ன செய்யிறது?"

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. சொன்னதற்காக அவரை மதித்தேன். அதே சமயம் கோபமும் வந்தது. நான் செத்துப்போவேனோ என்று பயந்துகொண்டிருந்த நாளில் அவர் வேறு எதையோ நினைத்துப் பயந்திருக்கிறார். ஆனால் பொய் சொன்னது நான்தான். "நானும் மறைச்சிருக்கக் கூடாது" என்றேன்.

டிக்கெட் போடுகிறேன் என்றார். வேண்டாம் என்று கெஞ்சினேன். கடைசியில் என் லாத்தா வந்து கையெழுத்துப் போடுவது என்று முடிவாயிற்று. லாத்தா என் மூத்த சகோதரி. காரைக்காலிலேயே இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும், "உம்மாவ அப்புடி விட்டோமே, நீயும் அதத்தான் செய்யப் பாத்தியா?" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பரீட்சை முடிந்த மறுவாரம் கட்டியை எடுத்தார்கள். மகளுக்கு அன்று காலையில்தான் சொன்னோம். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உடம்பு தேறி மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கியபோது அவரிடம் ஒன்று கேட்டேன். என் போனில் என் சம்பளக் கணக்கையே போட்டுத் தரவேண்டும் என்று.

"நான் பாக்குறேன்னா?" என்றார்.

"நீங்க பாக்குறது பரவால்ல மச்சான். நீங்க பாப்பீங்கன்னு நான் மறைக்கிறேன்ல, அதுதான் வேணாம்."

அவருக்கு வருத்தம்தான். மூன்று நாள் பிடிவாதம் பிடித்தார். பிறகு வீடியோவில் இருந்துகொண்டே எதை எதைத் தொடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். முடித்ததும், "இனிமே நீ எங்க போனாலும் எனக்குத் தெரியாது" என்று சிரித்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை. எனக்கும்தான். முதல் சில வாரங்கள், ஸ்கேன் செய்தவுடன் ஏதோ குறைந்தது போலப் போனையே பார்த்துக்கொண்டு இருப்பேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை இப்போதும் நாகப்பட்டினம் போகிறேன். பயம் விட்டுவிட்டது என்று சொன்னால் பொய். தேதி நெருங்கும் வாரத்தில் குளிக்கும்போது அந்தப் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்கிறேன். பிறகு நானே என்னைத் திட்டிக்கொண்டு தொட்டுப் பார்க்கிறேன். முந்தின நாள் இரவே அவரிடம் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு டாக்டரிடம் போகிறேன் என்று. அவர் தைரியம் சொல்வதில்லை. அது அவருக்கு வராது. "காலையில லேடீஸ் சீட்டுப் பக்கந்தான் வெயில் அடிக்கும், துப்பட்டாவ நல்லா இழுத்துப் போட்டுக்க" என்பார். சரி என்பேன். இருவருமே உடனே போனை வைத்துவிடமாட்டோம்.